ஏ3 எப்பவும் தலைமறைவு

போன வாரம் ஆபீஸ் அலமாரில கரையான் ஏறிருச்சு. கேஸ் கட்டு எல்லாத்தையும் எடுத்து தரைல பரப்பி வச்சு ஒவ்வொன்னா தட்டிட்டு இருந்தேன், அப்படியே பழசையெல்லாம் புரட்டிப் பாத்ததுல ஒரு விஷயம் கண்ண உறுத்திருச்சு. குற்றப்பத்திரிகைல எதிரிங்க, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்க, பேரு வர்ற பக்கத்த மட்டும் வரிசையா பாத்தா, ஏ1, அதாவது முதல் எதிரி, கூலி வேலை, ஏ2 ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு, ஏ3 தலைமறைவு. அடுத்த கட்டு, ஏ1 பெயிண்டர், ஏ2 அவரு மச்சான், ஏ3 பெயர் விலாசம் தெரியாத நபர், தலைமறைவு. அதுக்கு அடுத்ததுல ஏ1 ஒரு பொம்பள, வயசு 52, ஏ2 தலைமறைவு. இப்படியே பதினாறு கட்டு, எல்லாமே கஞ்சா கேஸ். இத்தன வருஷம் தனித்தனியா வாதாடுனப்ப தெரியல, தரைல பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தப்ப வயித்த என்னமோ பண்ணுச்சு.

நான் மதுரைல வக்கீலா இருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல போதைப்பொருள் கேஸ்தான், சிறப்பு கோர்ட்லயும் ஹைகோர்ட் கிளைலயும். இந்த கேஸெல்லாம் ஏன் எடுக்குறன்னு வீட்டுல கேப்பாங்க, அதுக்கு எனக்கு நல்ல பதில் எதுவும் கெடையாது, சீனியர்ட்ட இருந்தப்ப வந்துச்சு, அப்புறம் ஜெயில்ல ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் சொல்லி அதுவே ஆயிருச்சு. இதுல வர்றவங்க பேரு எதையும் எழுதல, அடையாளம் தெரியாத மாதிரி சிலத மாத்திருக்கேன்.

எங்க அப்பா ஊரு தேனிப் பக்கம். கம்பம் கஞ்சான்னு ஒரு காலத்துல சொல்லுவாங்கல்ல, வருசநாட்டு மலைல, மேகமலை பக்கமெல்லாம் உள்ள போயி பயிர் பண்ணிட்டு இருந்தாங்க, எங்க தாத்தாவுக்கே அதுல யார் யார் இருக்காங்கன்னு தெரியும், ஊருல அத ஒரு பெரிய தப்பாவே யாரும் பேசிக்க மாட்டாங்களாம். அதெல்லாம் போலீசும் ஃபாரெஸ்ட்டும் சேந்து பல வருஷமா வெட்டி வெட்டி ஒழிச்சு, இப்ப தமிழ்நாட்டுல கஞ்சா சாகுபடியே இல்லன்னு கவர்மெண்ட்டே சொல்லுது. அப்ப இங்க தெருவுக்கு தெரு கெடைக்கிறது எங்கிருந்து வருது? ஆந்திரா ஒடிசா பார்டர்ல இருந்து. விசாகப்பட்டினம் ஏஜென்சி ஏரியான்னு சொல்லுவாங்க, மலைவாழ் மக்கள் இருக்குற மலைப்பகுதி, பாடேரு, சிந்தப்பள்ளி, அந்தப் பக்கம் ஒடிசால மல்காங்கிரி, கோராபுட். மலைவாழ் மக்கள் கையில முன்பணத்த குடுத்து பயிர் வைக்கச் சொல்றது, அறுத்ததும் எடுத்துட்டு வந்துர்றது. ஷீலாவதின்னு ஒரு ரகம் இருக்கு, அதுக்குத்தான் கிராக்கின்னு எங்கிட்ட வர்ற பசங்களே சொல்லிருக்காங்க. 2021 கடைசில ஆந்திரா போலீஸ் பரிவர்த்தனான்னு பேரு வச்சு ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிய வெட்டுனாங்க, 2022 பிப்ரவரில அனகாபல்லி பக்கத்துல 2 லட்சம் கிலோவ குமிச்சு வச்சு எரிச்சாங்க, அந்த போட்டோ எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. இனிமே நம்ம கோர்ட்ல கேஸ் குறைஞ்சிரும்னு அப்ப நிஜமாவே நம்புனேன். குறையல. பயிர் மலைக்கு அந்தப்புறம் ஒடிசாவுக்கு நகந்துருச்சு, எரிஞ்சது போக மிச்சமும் வந்துட்டேதான் இருந்துச்சு.

வர்ற வழி எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதான், போலீசுக்கும் தெரியும். ட்ரெயின், லாரி, ஆம்னி பஸ், கார். தன்பாத்ல இருந்து ஆலப்புழா போற எக்ஸ்பிரஸ் இருக்கே, அது ஒடிசா ஆந்திரா எல்லாம் தாண்டி காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர்னு போகும், அதுல ரயில்வே போலீஸ் கஞ்சா புடிச்ச செய்தி வந்துட்டே இருக்கும். அந்த செய்திய கவனிச்சு பாருங்க, பெரும்பாலும் "கேட்பாரற்று கிடந்த பை"ன்னுதான் போட்டுருக்கும். பை இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ஆளு அதே பெட்டில நாலு சீட் தள்ளி எதுவும் தெரியாத மாதிரி ஜன்னல் வழியா பாத்துட்டு இருப்பான். செக்கிங் வந்தா பை போச்சு, வரலன்னா எறங்கும்போது தூக்கிட்டு போயிருவான். அனுப்புனவனுக்கு அது போடுற காசுல ஒரு பங்கு நட்டம், அவ்ளோதான், அதையும் சேத்துதான் கணக்கு போட்டு வச்சிருக்கான்.

இதுல இன்னொன்னு சொல்லணும். தென்மாவட்டத்துக்கு வர்றதெல்லாம் இங்கயே விக்கிறதுக்கு வர்றது இல்ல. ஒரு பங்கு ராமநாதபுரம் கடற்கரைக்கு போகும், மண்டபம், வேதாளை அந்தப் பக்கம், அங்கிருந்து போட்ல இலங்கைக்கு. அங்க அதுக்கு பேரு கேரளா கஞ்சா. ஒடிசா பார்டர்ல வெளஞ்சு ஆந்திரா வழியா தமிழ்நாட்டுக்குள்ள வந்து மீனவன் போட்ல ஏறுன சரக்கு, அது கேரளாவ கண்ணால கூட பாத்துருக்காது. புடிபடுறது பெரும்பாலும் அந்த போட்ட ஓட்டிட்டு போனவனும் கரைல மூட்டைய தூக்குன கூலியும்தான், அங்கயும் இதே கததான்.

இப்ப அந்த 52 வயசு அம்மா கதைக்கு வர்றேன். நான் எழுத உக்காந்ததே இவங்களுக்காகத்தான்.

வீட்டுக்காரரு லாரில போயி செத்துட்டாரு. குழுவுல வாங்குன கடன் ரெண்டு, மக பிரசவத்துக்கு நகைய வச்சு வாங்குனது ஒன்னு, வாரா வாரம் தவணைக்கு ஆள் வந்து வாசல்ல உக்காந்துருவாங்க. பூக்கட்டி விக்கிறாங்க, அதுல என்ன வரும். அந்த நேரத்துல தெருவுல தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்து, விஜயவாடா வரைக்கும் போயி ஒரு பைய வாங்கிட்டு வரணும், போக வர டிக்கெட் சாப்பாடு போக அஞ்சாயிரம் தர்றேன்னு சொல்லிருக்கான். நான் மொத தடவ ஜெயில்ல மனு போட்டு பாத்தப்ப, எல்லாரும் சொல்ற மாதிரி பைல என்ன இருந்துச்சுன்னு தெரியாதுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அவங்க சொல்லல. "மொத தடவ தெரியாது தாயி, துணின்னுதான் சொன்னான். ரெண்டாந்தடவ மழ பேஞ்சு பை நனஞ்சுருச்சு, வாட வந்துச்சு, அப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் மூணாவது, நாலாவது போனேன்"ன்னு சொன்னாங்க. நாலாவதுல மாட்டுத்தாவணி கிட்ட மாட்டிக்கிட்டாங்க.

எடை 21 கிலோ 300 கிராம்.

இந்த சட்டத்துல எல்லாமே எடைதான், அத கொஞ்சம் சொல்லிர்றேன். 1985ல வந்த என்டிபிஎஸ் சட்டம், அதாவது போதைப்பொருள் தடுப்பு சட்டம். கஞ்சான்னா 1 கிலோ வரைக்கும் சிறிய அளவு, அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில். 1 கிலோவுக்கு மேல 20 கிலோ வரைக்கும் நடுவுல உள்ளது, பத்து வருஷம் வரைக்கும் குடுக்கலாம். 20 கிலோவ தாண்டிருச்சுன்னா வணிக அளவு, குறைஞ்சதே பத்து வருஷம், இருபது வரைக்கும் போகலாம், கூட ஒரு லட்சத்துக்கு குறையாம அபராதம். அதோட போச்சா, வணிக அளவுன்னா 37வது பிரிவு வந்து நிக்கும். இவங்க குற்றவாளி இல்லன்னு நம்புறதுக்கு காரணம் இருக்கு, வெளிய விட்டா திரும்ப தப்பு பண்ண மாட்டாங்க, இந்த ரெண்டும் ஜட்ஜுக்கு திருப்தியா இருந்தாத்தான் பெயில். விசாரணையே ஆரம்பிக்காத கேஸ்ல குற்றவாளி இல்லன்னு எப்படி காட்டுறது? அந்த 1 கிலோ 300 கிராம்தான் அந்தம்மாவ உள்ள வச்சுச்சு.

அந்த 21 கிலோ 300 எப்படி வந்துச்சுன்னா, பொட்டலம் பொட்டலமா பிரவுன் டேப் சுத்தி, அதுக்கு மேல பாலிதீன் போட்டு, அப்படியே தராசுல வச்சு எடுத்த எடை. சட்டத்துல கஞ்சான்னா செடியோட பூக்குற காய்க்குற நுனி மட்டும்தான், தனியா இருக்குற எலையும் வெதையும் அதுல சேராது. ஆனா வர்ற சரக்குல தண்டு, எலை, வெதை எல்லாம் ஒன்னா அமுக்கி கட்டையாட்டம் வரும், அத பிரிச்சு எடை போட்டேன்னு எந்த மகஜர்லயும், அதாவது கைப்பத்துறப்ப போலீஸ் எழுதுற பத்திரத்துல, நான் பாத்தது இல்ல. டேப்பயும் தண்டையும் கழிச்சா 20க்கு கீழ வந்துருக்கும்னு வாதாடுனேன், அதெல்லாம் ட்ரையல்ல பாத்துக்கலாம்னு தள்ளுபடி ஆயிருச்சு. ரெண்டு தடவ. வணிக அளவு கேஸ்ல குற்றப்பத்திரிகை போட 180 நாள் டைம், அதுக்குள்ள போடலன்னா, கோர்ட்டும் டைம நீட்டிச்சு குடுக்கலன்னா, பெயில் குடுத்தே ஆகணும், நான் காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சுட்டே வந்தேன், 172வது நாள் தாக்கல் பண்ணிட்டாங்க. மொத்தம் பதினாலு மாசம் உள்ள இருந்தாங்க. கடைசில விசாரணை ரொம்ப இழுத்தா 37வது பிரிவு இருந்தாலும் பெயில் குடுக்கலாம்னு 2023ல உச்ச நீதிமன்றம் ஒரு கேஸ்ல சொன்னத வச்சு ஹைகோர்ட்ல வாங்குனேன். அவங்க உள்ள போனப்ப கைக்குழந்தையா இருந்த பேத்தி, வெளிய வந்தப்ப நடந்து வந்து யாருன்னு தெரியாம அவங்க மக பின்னாடி ஒளிஞ்சுகிச்சு.

எனக்கு ஆறாதது வேற ஒன்னு. அவங்ககிட்ட ஒரு பட்டன் போன் இருந்துச்சு. அன்னைக்கு காலைல இருந்து பை விஷயமா பேசுற ஆளு மூணு தடவ கூப்பிட்டுருக்கான், எங்க வர்ற, எந்த பஸ், எங்க எறங்குறன்னு. போலீஸ் புடிச்சப்ப அந்த போன வாங்கிட்டாங்க. ஆனா மகஜர்ல போன் இல்ல. குற்றப்பத்திரிகைல இல்ல. சொத்து பட்டியல்லயும் இல்ல. பை இருக்கு, பஸ் டிக்கெட் இருக்கு, 340 ரூபா ரொக்கம் இருக்கு, போன் மட்டும் காணோம். எந்த ஸ்டேஷன்னு எழுத மாட்டேன். அந்த நம்பர புடிச்சு போயிருந்தா அனுப்புனவன் கிட்ட போயிருக்கலாம், குறைஞ்சது அவனுக்கு அடுத்த ஆளு கிட்டயாவது. போகல. அதான் ஏ2 தலைமறைவு.

வாக்குமூலத்துல பேர சொன்னாலே அவன புடிக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். போலீஸ்ட்ட குடுக்குற வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. இந்த சட்டத்துல மத்திய போதைப்பொருள் தடுப்பு அதிகாரிங்க மாதிரி ஆளுங்க கிட்ட குடுக்குறது செல்லுமான்னு பல வருஷம் சண்ட நடந்துச்சு, நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒன்னுலதான், தூஃபான் சிங் கேஸ், 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லாதுன்னு சொல்லிருச்சு. நான் அத வரவேற்கிறேன், அடிச்சு எழுதி வாங்குன வாக்குமூலத்துல எத்தன பேரு பத்து வருஷம் போயிருக்காங்கன்னு எனக்கு தெரியும். ஆனா அதோட அர்த்தம் என்னன்னா, ஏ3ய, அதாவது பின்னாடி இருந்து அனுப்புறவன, புடிக்கணும்னா போலீஸ் போன் விவரம் எடுக்கணும், பணம் எந்த அக்கவுண்ட்ல இருந்து எந்த அக்கவுண்ட்டுக்கு போச்சுன்னு பாக்கணும், டவர் பாக்கணும், ஆந்திராவுக்கு போகணும். ஒரு ஸ்டேஷன்ல இருக்குற எஸ்ஐக்கு பந்தோபஸ்து, திருவிழா, மந்திரி வர்றாரு, இதுக்கெல்லாம் நடுவுல அது முடியுற காரியமா? பைய புடிச்சா கேஸ் ஒன்னு, அன்னைக்கே பிரஸ் மீட்ல டேபிள் மேல அடுக்கி போட்டோ. ஏ3ய தேடிப் போனா ஆறு மாசம் ஆகும், கெடைக்காமயும் போகலாம். 2021 டிசம்பர்ல இருந்து ஆபரேஷன் கஞ்சா வேட்டைன்னு ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டு நடத்துனாங்க, நெறைய பேர புடிச்சாங்க, அத குறை சொல்லல. 2022ல தென்மண்டலத்துல கஞ்சா கேஸ்ல உள்ளவங்களோட, அவங்க சொந்தக்காரங்களோட பேங்க் அக்கவுண்ட்ட முடக்க ஆரம்பிச்சாங்க, அது உண்மையிலயே நல்ல வேல, ஏன்னா இந்த தொழில்ல வலிக்கிற எடம் பணம் மட்டும்தான், ஆளு போனா வேற ஆளு கெடைப்பான். அதுலயும் பூ வித்து மக பேர்ல போட்ட பணமும் சேந்து மாட்டுன குடும்பங்கள் உண்டு, அதுக்கு தனியா மனு போட்டு அலைஞ்சோம்.

ஊருக்குள்ள வந்தப்புறம் எப்படி பிரியுதுங்கிறது வேற கத. அத எனக்கு புரிய வச்சது ஒரு பாலிடெக்னிக் பையன், 19 வயசு.

அவன் மேல கேஸ் 1 கிலோ 100 கிராம். இந்த 1 கிலோ 100, 1 கிலோ 150, 1 கிலோ 200 எல்லாம் எங்க வக்கீல்களுக்கு நல்லா பழகுன எடை, 1 கிலோவுக்குள்ள இருந்தா சின்ன கேஸா போயிரும்ல. அவன் எங்கிட்ட சத்தியம் பண்ணி சொன்னது அவன்கிட்ட இருந்தது எட்டு பொட்டலம்னு. நம்புறீங்களோ இல்லையோ, நான் அத இங்க நிரூபிக்க வரல. அவன் சொன்ன கணக்குதான் முக்கியம். பொட்டலம் முன்னூறு ரூபா. அவனுக்கு வாரத்துக்கு ரெண்டு வேணும், அறுநூறு ரூபாய்க்கு எங்க போறது, அப்பா கட்டட வேல. மேல இருக்குறவன் என்ன சொல்லுவான்னா, பத்தா எடு, எட்டுக்கு காசு குடு, ரெண்டு உனக்கு. இவன் எட்ட கிளாஸ்ல, கிரவுண்டுல, சலூன் கடைல தெரிஞ்ச பசங்களுக்கு குடுத்துருவான். இவன் வியாபாரியா? அவன் மனசுல இல்ல, அவனுக்கு தேவையானத வாங்குறான் அவ்ளோதான். அவன்ட்ட வாங்குன எட்டு பேர்ல ரெண்டு பேரு அடுத்த மாசம் அதே மாதிரி பத்து எடுக்க ஆரம்பிப்பான். கட போட வேணாம், சம்பளம் குடுக்க வேணாம், விளம்பரம் வேணாம். குடிக்கிறவனையே விக்கிறவனா ஆக்கி விட்டுட்டு பின்னாடி நிக்கிறான் ஒருத்தன். போலீஸ் ஒருத்தன தூக்குனா அந்த எட்டு பேர்ல இன்னொருத்தன் அந்த எடத்துக்கு வந்துருவான். இத அந்தப் பையன் ஜெயில்ல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, வெரல் விட்டு எண்ணி எனக்கு வெளக்குனான், கணக்குல நல்ல மார்க் வாங்குற பையன்னு அவங்கம்மா முன்னாடியே சொல்லிருந்தாங்க.

அந்தப் பையன் அப்பா எங்கிட்ட வந்தப்ப கேட்டது ஒன்னே ஒன்னு, "இவன் மூணு மாசமா சரியில்லன்னு எனக்கு தெரியும் மேடம், எங்க கூட்டிட்டு போறதுன்னு தெரியல, டாக்டர்ட்ட போனா போலீஸ்ல சொல்லிருவாங்கன்னு பயந்துட்டேன்". இத நான் குறைஞ்சது முப்பது பெத்தவங்க வாயால கேட்டுருக்கேன். இதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையானவங்க சிறிய அளவு வச்சிருந்ததுக்கோ, உபயோகிச்சதுக்கோ கேஸ் ஆனாலும், தானா முன்வந்து அரசு நடத்துற இல்லன்னா அங்கீகாரம் உள்ள எடத்துல சிகிச்ச எடுத்து முடிச்சா அந்த வழக்குல இருந்து விலக்கு உண்டு. பாதில விட்டுட்டு வந்தா விலக்கு போயிரும். அடிமைத்தனத்துல இருந்து மீட்க 14446ன்னு இலவச நம்பர் இருக்கு, விக்கிறவங்கள பத்தி தகவல் சொல்ல 10581. ஸ்கூல்ல வருஷா வருஷம் உறுதிமொழி எடுக்குறாங்க, பிள்ளைங்க கைய நீட்டி நிக்கிற போட்டோ வருது, சரி, கூடவே அந்த 64ஏவையும் ஒரு பெற்றோர் கூட்டத்துல ரெண்டு நிமிஷம் சொல்லலாம். அந்தப் பையன இப்ப சிகிச்சைக்கு சேத்துருக்கோம், டிப்ளமோ ஒரு வருஷம் போச்சு.

மாத்திரை பத்தியும் கேப்பீங்க. வலி மாத்திரை, டாபென்டடால். இதுக்கு அண்ணன் மாதிரி இருந்த டிரமடால 2018ல என்டிபிஎஸ்க்குள்ள கொண்டு வந்தாங்க, உடனே கடத்துறவங்க பக்கத்து மாத்திரைக்கு மாறிட்டாங்க. வேற மாநிலத்துல மொத்தமா வாங்கி கூரியர்ல வரும், கரைச்சு ஊசியா ஏத்திக்கிறாங்க, அப்படி செத்துப்போன பசங்க செய்தி அடிக்கடி பேப்பர்ல வருது. கஞ்சாவாவது வாட அடிக்கும், இது பாக்கெட்ல இருந்தா பெத்தவங்களுக்கு தலவலி மாத்திரைன்னு தோணும். இதப்பத்தி விவரமா எழுத தனியா ஒரு நாள் வேணும்.

கேஸ் எப்படி முடியுதுன்னும் சொல்லணும். சென்னைல 2020ல 22 கிலோ கஞ்சாவோட ரெண்டு பேர புடிச்சாங்க, விசாரணைல மிச்ச கஞ்சா எங்கன்னு கேட்டா எலி தின்னுருச்சுன்னு போலீஸ் சொன்னாங்க, 2023 ஜூலைல ரெண்டு பேரும் விடுதலை. எல்லாரும் அத வச்சு மீம் போட்டாங்க. எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அந்த ரெண்டு பேரு அதுக்குள்ள எத்தன வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க, ஒருவேள அவங்க நெஜமாவே கொண்டு வந்தவங்கன்னா அவங்கள அனுப்புனவன் அத்தன வருஷமும் எத்தன மூட்ட எறக்கிருப்பான். கைப்பத்துன சரக்குல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சாம்பிள் எடுக்கணும், மிச்சத்த சீக்கிரம் அழிச்சிரணும்னு 2016லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. இப்ப புது சட்டத்துல 2024 ஜூலை 1ல இருந்து சோதனை போடுறத வீடியோ எடுக்கணும். ஒழுங்கா எடுத்தா அந்தம்மா போன் மாதிரி ஒன்னு காணாம போறது கஷ்டம், அதுக்காகவே நான் ஒவ்வொரு கேஸ்லயும் வீடியோ காப்பி கேட்டு மனு போடுறேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் அந்தம்மா ஆபீஸுக்கு வந்தாங்க. பெயில் கண்டிஷன் கையெழுத்து போட்டுட்டு நேரா வந்துருக்காங்க. மக வாங்கிக் குடுத்த புது போன எடுத்து டேபிள்ல வச்சு, "வக்கீலம்மா, அந்தக் குரல் கூப்புட்டுச்சு"ன்னாங்க. எனக்கு மொதல்ல புரியல. புது நம்பர், அவங்க அத யாருக்கும் குடுக்கவே இல்ல. எடுத்ததும் "அக்கா, எப்ப வெளிய வந்தீங்க, ஒடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்டுருக்கான். பாசமா. ரெண்டாயிரம் கையில குடுத்து விடவான்னு கேட்டுருக்கான். அப்புறம், "கேஸ்ல எம்பேர சொல்லலல, நல்லது"ன்னுருக்கான்.

அந்தம்மா என்னைய பாத்து கேட்டாங்க, "இவன சொல்லிரலாமாத்தா?"

என்னால ஒடனே பதில் சொல்ல முடியல. நான் அவங்களோட வக்கீல். அவங்க அவன காட்டிக் குடுக்கணும்னா, ஆமா நான் தெரிஞ்சேதான் பைய கொண்டு வந்தேன்னு சொல்லணும், சொன்னா அவங்க கேஸ் அதோட முடிஞ்சுச்சு, பத்து வருஷம். சொல்லாம இருந்தா எடைய வச்சு, மகஜர்ல உள்ள ஓட்டைய வச்சு, அவங்கள விடுதலை பண்ணிர வாய்ப்பு இருக்கு. அவங்க தப்பிக்கணும்னா அவனும் தப்பிக்கணும், இந்த கேஸ் அப்படித்தான் இருக்கு. தரைல கெடந்த பதினாறு கட்டுலயும் இதேதான் இருந்துருக்கு, ஒவ்வொன்னுலயும் வாய மூடிக்கோன்னு ஏ1க்கு சொல்லிக் குடுத்தது நான்தான், வக்கீலா அதுதான் சரி, ஆனா அதுல ஏ3க்கும் சேத்து நான் வேல பாத்துருக்கேன்.

சட்டத்துல வழியே இல்லாம இல்ல. 64வது பிரிவு, ஏ இல்லாத 64. முழுசா உண்மைய சொல்லணும்ங்கிற நிபந்தனைல ஒருத்தருக்கு வழக்குல இருந்து விலக்கு குடுக்குற அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு, மத்திய அரசுக்கும் உண்டு மாநில அரசுக்கும் உண்டு. என்னோட பதினோரு வருஷத்துல ஒரு குருவிக்கு, அதாவது இப்படி பை தூக்கிட்டு வர்றவங்களுக்கு, கூட அத குடுத்து நான் பாக்கல. எங்க பார்ல மூத்தவங்க மூணு பேர்ட்ட கேட்டேன், அவங்களும் பாத்தது இல்லன்னாங்க. அதுக்கு மாடல் மனு கூட யார்ட்டயும் கெடையாது, நானா உக்காந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டைப் அடிச்சேன், உள்துறை செயலருக்கு. விலக்கு கெடைக்கிற வரைக்கும் மனுல எந்த உண்மையும் ஒப்புக்கிட்ட மாதிரி ஒரு வார்த்த கூட வந்துரக்கூடாது, அதே நேரம் சொல்றதுக்கு விஷயம் இருக்குன்னு அவங்களுக்கு தெரியவும் வேணும். ஒவ்வொரு வரியையும் நாலு தடவ மாத்துனேன்.

போன வாரம் அந்தம்மாவ வரச்சொல்லி முழுசா வாசிச்சு காட்டுனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, அவன் ஆளுங்க வந்தா யாருத்தா எங்க வாசல்ல நிப்பான்னு கேட்டாங்க. சாட்சி பாதுகாப்புக்கு தனியா மனு போடலாம்னு சொன்னேன். அதுவரைக்கும்னு கேட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. மகட்ட கலந்துட்டு வர்றேன்னு அந்த மனுவ ஒரு காப்பி மடிச்சு பூக்கூடைக்குள்ள வச்சு எடுத்துட்டு போயிருக்காங்க. அடுத்த வாய்தா 18ஆம் தேதி, அன்னைக்கு எப்படியும் கோர்ட்டுக்கு வருவாங்க.